மெச்சே அன்ரியின் வலை ஏணை

போன மாதம் மகளோடு கெல்லிவில்லில் ஒரு குழந்தைச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். கடையின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், ஒரு வலைத் தொட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். விற்பனைக்கு நின்ற பெண் நல்ல பிள்ளை. குழந்தையை அதில் நீளவாக்கில் போடக் கூடாது, குறுக்காகப் போட்டால்தான் முதுகு நேராக இருக்கும் என்று பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினாள். பக்கத்து அடுக்கில் பிள்ளை பெற்றவர்கள் வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற துணி. அதற்கும் பக்கத்தில் பிள்ளையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிற நீளத் துணி. எல்லாப் பெட்டியிலும் மருத்துவர்கள் சிபாரிசு செய்கிறார்கள் என்று அச்சடித்திருந்தது. எனக்குக் காது சூடேறிவிட்டது.

"வை ஆர் யூ ஷவுட்டிங், அம்மா?" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் கத்தவில்லை. இதே சாமானை இதே நகரத்தில் மீன் வலை என்று சொன்னார்கள் என்றுதான், கொஞ்சம் உரத்துச் சொன்னேன். அந்தப் பெண் பாவம், அவள் அப்போது பிறந்திருக்கவே மாட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் சூடு இறங்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் பென்டில் ஹில்லில் வாடகைக்கு இருந்தோம். இன்றைக்கு அந்த ஸ்டேசனில் இறங்கினால் தோசை மணம் முகத்தில் அடிக்கும். அப்போது அந்தத் தெருவில் தமிழ் பேசுகிற வீடு எங்களுடையது ஒன்றுதான். அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைத் திருத்துகிற வேலை. காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அம்மாவுக்கு வாசிக்க வரும், வாயால் வராது. ஆகவே கடைக்காரரிடமும், தபால்காரரிடமும், கதவைத் தட்டுகிற எவரிடமும் அம்மாவின் வாயாக இருந்தது ஒன்பது வயதான நான்தான். அந்த உத்தியோகத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பக்கத்து வீட்டில் மெச்சே அன்ரி இருந்தார். மெக்சிக்கோவில் யுகத்தான் என்கிற பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய கணவர் அவுஸ்திரேலிய வெள்ளைக்காரர், முன்பு கப்பலில் வேலை செய்தவர். கப்பல் அந்தக் கரையில் நின்றபோது அன்ரியைக் கண்டு, கல்யாணம் கட்டி, சிட்னிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்ரி மாயா இனம். மாயா மக்கள் காட்டுக்குள் கோயில்களைக் கட்டிவிட்டு மறைந்துபோனார்கள் என்று எங்கள் வகுப்பு ரீச்சர் ஒருநாள் படம் காட்டிச் சொன்னார். மறைந்துபோனவர் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கணவருடைய காற்சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கையை உயர்த்தி இதைச் சொன்னேன். ரீச்சர் என்னை இருக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரி தன் ஊர் உடுப்பில்தான் தேவாலயத்துக்குப் போவார். அதற்குப் பெயர் இப்பில். வெள்ளைப் பருத்தியில், முழங்காலுக்குக் கீழே வரை நேராகத் தொங்குகிற அகலச் சட்டை. கழுத்தைச் சுற்றிச் சதுரமாகவும் கீழ் விளிம்பிலும் சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாகப் பூக்கள். அந்த விளிம்புக்குக் கீழே உள்பாவாடையின் லேஸ் ஒரு சாண் அளவுக்குத் தெரியும். தெரிவதற்காகவே வைத்துத் தைத்த லேஸ் அது. காதில் தங்கக் கம்பியைப் பின்னிச் செய்த தோடு, தோளில் ரெபோசோ என்கிற நீளச் சால்வை. அப்படி அவர் தெருவில் இறங்கி நடந்தால், ஒரு கல்யாண வீடே நடந்து போகிற மாதிரி இருக்கும். மூலைக் கடைக்காரருக்கு மட்டும் அது நைற்றியாகத் தெரிந்தது. கட்டிலில் இருந்து இப்போதுதான் எழும்பி வாறியா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார், ஒவ்வொரு ஞாயிறும் தானே சிரிப்பார்.

ஏன், எங்கள் அம்மாவே முதல் நாள், "என்னடி இது, உவ பெற்றிக்கோட் தெரியத் தெரிய றோட்டில போறா" என்றுதான் சொன்னார். பிறகு ஒருநாள் வேலியருகில் நின்று, அன்ரி தைத்துக்கொண்டிருந்த துணியின் விளிம்பைக் கையில் எடுத்து, மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் இருந்த பூ அப்படியே பின்பக்கமும் இருந்தது. ஒரு முடிச்சு, ஒரு தொங்கல் நூல் இல்லை. அம்மா என்னிடம், "கேட்டுச் சொல்லு, இதை எப்பிடி முடிக்கிறவா எண்டு" என்றார். நான் கேட்டேன். அன்ரிக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. ஊசியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் தேவைப்படவில்லை. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அந்த வருடம் குளிர்காலத்தில் என் தம்பி பிறந்தான். ஊரில் என்றால் அம்மாவைச் சுற்றி ஒரு படையே நின்றிருக்கும். இங்கே அப்பாவுக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது. தம்பி மெலிந்த பிள்ளை. தேவாலயத்துக்காரர்கள் இரவல் தந்த கம்பி வைத்த கட்டிலில் போட்டால் உடனே வீரிட்டு அழுவான். தூக்கினால் நிறுத்துவான். அம்மா அவனைத் தூக்கியபடியே சமைத்தார், தூக்கியபடியே அழுதார். கடைசியில் அப்பாவிடம், "ஒரு ஏணை கட்டித் தாங்கோ, ஏணையில போட்டாப் படுப்பான்" என்றார். அப்பா ஒரு பெரிய கொளுக்கியை வாங்கிவந்து கூரைத் தட்டில் முறுக்கி, அம்மாவின் பழைய நூல் சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, பலம் பார்க்க ஒரு அரிசி மூட்டையை அதில் வைத்தார். அரிசி மூட்டை, சேலை, கொளுக்கி, கூரைத் தட்டில் பாதி எல்லாம் சேர்ந்து கீழே வந்தன.

"மரம் இருக்கிற இடம் பாத்துத்தான் பூட்டினனான்" என்று அப்பா தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு நின்றார்.

சத்தம் கேட்டு மெச்சே அன்ரி ஓடிவந்தார். கொளுக்கியைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், கத்துகிற பிள்ளையைப் பார்த்தார். எங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது கூடவே கணவரும் வந்தார், கையில் துளைபோடுகிற கருவியோடு. அன்ரியின் கையில் ஒரு நூல் பொட்டலம், இரண்டு கைப்பிடி அளவுதான். அவர் கணவர் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, உள்ளே மரச்சட்டம் ஓடுகிற இடத்தில் இந்தச் சுவரில் ஒரு கொளுக்கி, எதிர்ச் சுவரில் ஒரு கொளுக்கி பூட்டினார். அன்ரி அந்தப் பொட்டலத்தை உதறினார். அது விரிந்தது. விரிந்துகொண்டே போனது. மெல்லிய நூலில் பின்னிய வலை, நீலமும் வெள்ளையும் மாறி மாறி. முன்னறையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை அது போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய ஊரில் கட்டில் என்று ஒன்று இல்லை, பிறப்பதும் தூங்குவதும் நோய் கிடப்பதும் எல்லாம் அதில்தான். அவர்கள் அதை அமாக்கா என்றார்கள். அம்மா முதல் நாளிலிருந்தே அதை ஏணை என்றார். அன்ரியும் இரண்டாம் நாளிலிருந்து "எனை" என்று சொல்லப் பழகிவிட்டார்.

அப்பா தம்பியை வாங்கி நீளவாக்கில் போட்டார். அன்ரி பதறிப்போய் அவர் கையைத் தட்டினார்.

"நோ பனானா! நோ பனானா! கிராஸ், கிராஸ்!"

குறுக்காகப் போட்டதும் வலை தட்டையாக விரிந்து அவனை ஏந்திக்கொண்டது. அன்ரி பெருவிரலால் மெதுவாக ஒரு தள்ளுத் தள்ளினார். தம்பி தூங்கினான். அம்மா தரையிலேயே, அந்த வெள்ளைத் தூளுக்கு நடுவில் இருந்து, சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார்.

அடுத்த நாள் காலை அன்ரி தன் ரெபோசோவோடு வந்தார். அம்மாவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, வயிற்றையும் இடுப்பையும் சுற்றி இறுக்கிக் கட்டினார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கட ஆக்கள் கட்டுறமாதிரியே கட்டுறா, பார்" என்று என்னிடம் சொன்னார். தம்பியின் மணிக்கட்டில் அன்ரி ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டார். அவன் கன்னத்தில் அம்மா வைத்த கறுத்தப் பொட்டு ஏற்கெனவே இருந்தது. இரண்டும் ஒரே வேலைக்குத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

இனி மிஸ்ஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தை நல நிலையத்திலிருந்து நிறை பார்க்க வருகிற தாதியை அம்மா ஊர்ப் பழக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் சொல்வார். கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடை, கையில் ஒரு தராசு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளில் அவருக்கு அக்கறை இருந்தது. எங்கள் வீட்டில் மணக்கிற எதுவும் பிள்ளைக்கு ஆகாது என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வருகிறபோதெல்லாம் அவர் முதலில் செய்கிற வேலை யன்னலைத் திறப்பதுதான்.

ஏணை வருவதற்கு முந்திய கிழமை அவர் வந்தபோது தம்பி நிறை கூடியிருக்கவில்லை. அம்மாவின் கண் வீங்கியிருந்தது. மிஸ்ஸி என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். நான் உத்தியோகத் தோரணையில் அம்மாவிடம் திருப்பினேன்: "இப்பிடியே இருந்தா, கொஞ்ச நாளைக்குத் தம்பியை வேற இடத்தில வைச்சுத் தாங்களே பாப்பினமாம். நீங்கள் றெஸ்ற் எடுக்கலாமாம்." எனக்கு அது மிகவும் நல்ல ஏற்பாடாகப் பட்டது. நானும் நிம்மதியாகத் தூங்கலாம். அம்மா மட்டும் ஏன் அப்படி என்னைப் பார்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த முறை மிஸ்ஸி வந்தபோது மெச்சே அன்ரியும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அன்றைக்குப் பார்த்து வந்து, குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மிஸ்ஸி உள்ளே வந்தார். யன்னலைத் திறக்கப் போனவர் பாதி வழியில் நின்றுவிட்டார். முன்னறையின் குறுக்கே ஏணை, அதற்குள் தம்பி.

மீன் வலையிலா பிள்ளையைப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கழுத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று கேட்டார். தம்பியைத் தூக்கி, மணிக்கட்டிலிருந்த சிவப்பு நூலைக் கத்தரிக்கோலால் வெட்டினார். தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து கேளாமல் வெட்டினார். பிறகு இது யாருடைய வேலை என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். எனக்குப் பதில் தெரியும். இது மெச்சே அன்ரி தன் கையால் பின்னியது, எங்களுடைய அப்பா கூரையை விழுத்தியபோது அவர்தான் வந்து உதவினார், தம்பி இப்போது தூங்குகிறான், அம்மாவும் தூங்குகிறார், நிறையைப் போட்டுப் பாருங்கள் என்று ஒரு பெரிய பேச்சே எனக்குள் தயாராக இருந்தது. ஆனால் என்னை முந்திக்கொண்டு அம்மா பேசினார். ஆங்கிலத்தில் பேசினார். அம்மா அந்நியர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் முழுதாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஷீ டூ. ஐ நோ வாண்ட். ஐ சே நோ."

சொல்லிவிட்டு மெச்சே அன்ரியை விரலால் காட்டினார். அம்மாவின் சட்டைக்குள்ளே வயிற்றைச் சுற்றி அன்ரியின் ரெபோசோ இறுகக் கட்டியிருந்தது. காலையில் அன்ரிதான் வந்து கட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றபடியே அந்த விரலை நீட்டினார் என் அம்மா.

மெச்சே அன்ரி இப்போது கத்துவார், கத்த வேண்டும் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. "யெஸ். மீ," என்றார். மிஸ்ஸி பஞ்சை எடுத்துத் தம்பியின் கன்னத்துப் பொட்டைத் துடைத்து, இந்த அழுக்கு என்ன என்று கேட்டபோது, அதற்கும் அன்ரியே முன்னால் வந்து, "மீ. ஐ டூ," என்றார். பொட்டு வைத்தது அம்மா! கண்மை டப்பா இதோ எங்கள் அலமாரியில் இருக்கிறது! நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தார்.

மிஸ்ஸி மெச்சே அன்ரியைத் திட்டினார். உன்னுடைய காட்டுப் பழக்கங்களை உன் வீட்டோடு வைத்துக்கொள் என்றார். அறியாத ஒரு தாயை ஏமாற்றியிருக்கிறாய் என்றார். பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறாயா என்று கேட்டார். அன்ரி இல்லை என்று தலையாட்டினார். அப்படியென்றால் உனக்கு என்ன தெரியும் என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, இனிமேல் இப்படியானவர்களை உள்ளே விடாதே, நீ நல்ல பெண், சொன்னதைக் கேட்கிறாய் என்று தோளில் தட்டினார். ஏணையை அன்ரியே கழற்றினார். எவ்வளவு பெரிதாக விரிந்ததோ அவ்வளவும் திரும்ப இரண்டு கைப்பிடிக்குள் சுருங்கிவிட்டது. அதை மார்போடு பிடித்துக்கொண்டு, பின்வாசலால் போனார்.

மிஸ்ஸியின் கார் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு நான் வெடித்தேன்.

"நீங்கள் ஏன் பொய் சொன்னீங்கள்? அவாவோ செய்தவா? நீங்கள்தானே கேட்டனீங்கள், ஏணை வேணும் எண்டு!"

"பேசாமல் இரு."

"அவான்ர துணியைக் கட்டிக்கொண்டு நிண்டு—"

"பேசாமல் இரு எண்டு சொன்னனான். அந்த வீட்டுப் பக்கம் கொஞ்ச நாளைக்குப் போகாத."

பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார்கள். வீட்டில் பொய் சொன்னால் அம்மாவே வாயில் ஒன்று போடுவார். இப்போது அம்மாவை யார் வாயில் போடுவது? அப்பா வேலையால் வந்ததும் முறையிட்டேன். அப்பா என் தலையைத் தடவிவிட்டுச் சாப்பிடப் போனார். அவரும் கூட்டு என்று விளங்கியது. அன்றிலிருந்து அம்மாவோடு நான் கதைக்கவில்லை. கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில். அம்மாவுக்கு அதுதான் அதிகம் வலிக்கும் என்று தெரிந்தே அப்படிச் செய்தேன்.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நானும் மறந்திருப்பேன். மெச்சே அன்ரி பகலில் இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். தாய்மார் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். நான் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரம் அந்தத் தாய்மாரும் வந்து கூட்டிப்போவார்கள். மிஸ்ஸி வந்து போன அடுத்த கிழமை ஒரு பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த கிழமை மற்றதும் வரவில்லை. மூலைக் கடையில் இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க நின்றபோது எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசியதைக் கேட்டேன். நைற்றியோடு திரிகிற அவள் பிள்ளைகளை வலையில் போட்டுக் கட்டுகிறாளாம், கையில் ஏதோ மந்திர நூல் கட்டுகிறாளாம், மிஸ்ஸியே எச்சரித்தாராம். கடைக்காரர் சிரிக்காமல் தலையாட்டினார். நான் பாண் வாங்காமல் திரும்பி நடந்தேன்.

நேரே குழந்தை நல நிலையத்துக்குப் போவது என்று முடிவெடுத்தேன். வழி எனக்குத் தெரியும். மிஸ்ஸியின் முன்னால் போய் நின்று, என் அம்மா பொய் சொன்னார், ஏணையைக் கேட்டது அம்மா, பொட்டு வைத்தது அம்மா, மெச்சே அன்ரி ஒரு குற்றமும் செய்யவில்லை, நீங்கள் வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அந்தப் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டும் என்று சொல்வது. வாக்கியங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு நடந்தேன். வாசலில் பிராம்கள் வரிசையாக நின்றன. படியில் காலை வைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் மேற்கையைப் பிடித்து இழுத்தது. மெச்சே அன்ரி. மரக்கறிப் பையோடு சந்தியில் வந்தவர் என்னைக் கண்டு ஓடிவந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"வாட் யூ டூ ஹியர்?"

நான் சொன்னேன். உங்களுக்காகத்தான் என்று சொன்னேன். அவருடைய முகம் மாறிவிட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. என்னைப் படியிலிருந்து இறக்கி, கையை விடாமல், கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே சந்தி வரை போனார்.

"யூ சே நத்திங்! யுவர் மாமா குட். யூ ஷட் அப். ஓக்கே? ஷட் அப்!"

இதைவிட ஒரு அவமானம் உண்டா? உலகத்தில் அவருக்காகச் சண்டை பிடிக்க இருந்த ஒரே ஆள் நான். என்னைப் பார்த்து வாயை மூடு என்கிறார்! நடுச்சந்தியில் நின்று அழுதேன். பிறகு அவர் ஒரு ஐஸ் பழம் வாங்கித் தந்தார். அதை நான் கோபத்தோடுதான் சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெரிய ஆட்கள் எல்லோருமே கோழைகள். பொய் சொன்னவர் கோழை, பொய்யைத் தாங்கிக்கொண்டவர் அதைவிடக் கோழை.

ஏணை போன பிறகும், அம்மாவின் மடியிலும் தோளிலுமாகத் தம்பி தேறினான். மார்ச் வெயிலில் கன்னத்தில் சதை வைத்து, கம்பிக் கட்டிலைப் பிடித்து எழும்பி நின்றான். மிஸ்ஸி தராசோடு வருவதும் நின்றது. அந்த வருடமே மெச்சே அன்ரியின் கணவருக்குக் குயின்ஸ்லாந்தில் ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்து, அவர்கள் லொறியில் சாமான்களை ஏற்றினார்கள். வெள்ளை இப்பிலில், ஞாயிற்றுக்கிழமைக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு அன்ரி லொறியருகில் நின்றார். அம்மா ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் தெருவென்றும் பார்க்காமல் அழுதார்கள். அம்மா தமிழில் ஏதோ சொன்னார். அன்ரி தன் மொழியில் ஏதோ சொன்னார். நான் தபால் பெட்டியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். இவ்வளவும் செய்துவிட்டு இப்போது கட்டிப்பிடிப்பா என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்ரி என்னிடம் வந்து உச்சியில் கொஞ்சினார். நான் கையை அவிழ்க்கவில்லை.

பல வருடங்கள் போயின. என் மகள் பிறந்து நான் வீட்டுக்கு வந்த கிழமை, அம்மா என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த இறுக்கத்தில் எனக்கு எங்கிருந்தோ பழைய கோபம் வந்துவிட்டது. "அந்த மனுசியைக் காட்டிக்குடுத்தீங்களே, அம்மா" என்றேன். இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

அம்மாவின் கை நின்றது. பிறகு முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அப்பிடிச் சொல்லச் சொன்னதே அவாதான்."

மிஸ்ஸி வருவதற்கு முதல் நாள், பின்வளவில், இரண்டு பேரும் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றபோது, அம்மா தன் பயத்தை அன்ரிக்குச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் இல்லை. பிள்ளையைக் காட்டி, றோட்டைக் காட்டி, கார் ஓட்டுகிற மாதிரிக் கையைச் சுழற்றிக் காட்டியிருக்கிறார். நான் மொழிபெயர்த்த அந்த நல்ல ஏற்பாட்டைத்தான் அப்படிக் காட்டியிருக்கிறார். அன்ரிக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு பெண் இருந்தாராம். வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்த கறுப்பு இனத்துப் பெண். அந்தப் பெண்ணின் பிள்ளைகளைக் கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எங்கே என்று பிறகு அந்தத் தாய்க்கு ஒருவரும் சொல்லவில்லையாம்.

"அப்ப ஏணையை முதல் நாளே கழட்டியிருக்கலாமே?"

"கழட்டினா அவன் படுக்கமாட்டான், எனக்கும் நித்திரை இல்லை. மிஸ்ஸி வந்து என்ர கோலத்தைப் பாத்தாலும் அதேதான் நடக்கும். கேட்டா என்னைச் சொல்லு எண்டவா. அந்த இங்கிலிசையும் அவாதான் சொல்லித் தந்தவா. கொடிக்குக் கீழ நிண்டு திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்தனாங்கள், பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே! நான்தானே எல்லாத்துக்கும் கதைச்சனான்."

"அதுக்குத்தான் சொல்லேல்லை. உன்ர வாயால அந்தப் பொய்யைச் சொல்ல விட ஏலுமே? ஒன்பது வயசுப் பிள்ளை."

கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு தாய் தன் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்திருப்பதற்காக, தனக்கு உதவிய ஒருத்தியை விரலால் காட்ட வேண்டியிருந்தது. அந்த ஒருத்தி, தான் செய்யாததையும் சேர்த்து நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்த சம்பளம், தெருவே அவரைச் சூனியக்காரி ஆக்கியது. கோபப்படாமல் என்ன செய்வது? ஆனால் அத்தனை வருடமும் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் அம்மாவின் தலையில் கொட்டியிருந்தேன்.

"உங்களுக்குப் பிரச்சினை வராதோ எண்டு நீங்கள் அவாட்டைக் கேக்கேல்லையா?" என்றேன் கடைசியாக.

"கேட்டனான். கையால காட்டித்தான் கேட்டனான். அவா சிரிச்சுப்போட்டு, இப்பிடிக் கையை மடக்கி, பிள்ளை வைச்சிருக்கிற மாதிரி ஆட்டிக் காட்டினவா. பிறகு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினவா. எடுத்துக்கொண்டு போக இஞ்ச என்ன இருக்கு எண்டு."

அம்மா அதைச் செய்து காட்டினார். விரித்த கைகளை உடனே கீழே போடவில்லை.

அந்த நாட்களில் பள்ளிக்கூடம் முடிந்து மெச்சே அன்ரியின் வீட்டுக்குப் போனால் எல்லாம் எனக்கே எனக்குத்தான். நூல் பெட்டி எனக்கு, லேஸ் துண்டுகள் எனக்கு, அமாக்காவில் ஆடுவது எனக்கு, அடுப்பால் இறக்கிய சூட்டோடு முதல் ரொட்டியும் எனக்கு. பங்கு கேட்க அந்த வீட்டில் ஒரு பிள்ளை இல்லாமல் இருந்தது எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் என்றுதான் ஒன்பது வயதில் நான் நினைத்திருந்தேன். அன்ரியிடமே ஒருநாள் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார்.